முழுதாக மூடும் தகடு

இன்று காலை உறுதியான செய்தி இது. உன் கூடாரத்தைத் திறந்தபோது உள்ளே இருந்த அடுப்பின் புகைக்குழாயில் மூடித் தகடு முழுதாக மூடியிருந்தது. கூடாரத்தின் ஜிப்பும், உச்சியில் காற்றுப் போக வைத்த துணி மடலும்கூட மூடியிருந்தன. சொன்னவர் மலைக் காவல் நிலைய உதவி ஆய்வாளர். தொலைபேசியில், நான் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு சொன்னார். நீ எதனால் செத்தாய் என்பது இன்னும் உறுதியாகவில்லை. அதனால் அதை எழுத மாட்டேன். ஒரே நாளிதழில் நான் எழுத, நீ படமெடுக்க என்று காலம் தள்ளியவர்கள் நாம். உறுதியாகாததை நான் எழுதிவிட்டால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாய். செத்த பிறகும் அந்தச் சந்தோஷத்தை உனக்குத் தர விருப்பமில்லை.

நீ எனக்குச் செய்து கொடுத்த அடுப்பு மேசைமேல் கிடக்கிறது. கடைசியாக அதில் எரித்த புளியங்கட்டையின் கரி நாற்றம் இன்னும் போகவில்லை. துணியால் துடைத்தேன். கையில் ஏறிக்கொண்டது. சோப்புப் போட்டும் போகவில்லை. உன்னைப் போலவே.

அடுப்பைக் குறை சொல்ல முடியாது என்பதுதான் என் எரிச்சலில் பாதி. மெல்லிய எஃகுத் தகடுகள், ஒன்றின் நாக்கு மற்றொன்றின் துளையில் நுழையும், திருகாணி கிடையாது. பாய்போலச் சுருட்டிய தகட்டை விரித்து வளையம் மாட்டினால் புகைக்குழாய். எல்லாவற்றையும் பிரித்து அடுக்கினால் மடிக்கணினிப் பையில் அடங்கிவிடும். ஒடுகத்தூர் வெல்டிங் பட்டறையில் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து இதைச் செய்தாய். மூன்று செய்தாய்: உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, காவலூர் பக்கம் தன் நிலத்தில் கூடாரம் போட்டு வாடகைக்கு விடும் காளிக்கு ஒன்று.

குழாய்க்குள் சுழலும் அந்த வட்டத் தகட்டைப் பட்டறையிலேயே பார்த்தேன். திருப்பினால் குழாயை ஒரு பொட்டு வழி இல்லாமல் அடைத்தது. தகரக் கத்திரியை எடுத்து, ஓரத்தில் கால்வாசி வெட்டிவிடலாம் என்றேன். கையிலிருந்து பிடுங்கினாய்.

"யோவ், இது அடுப்பா, சல்லடையா? ஓட்டை போட்டா சூடு எங்க நிக்கும்?"

"காத்து போவணும்யா. உள்ள மனுசன் படுக்கறான்."

"கட்டை எரிஞ்சி தணலானப்புறம்தானே மூடறேன். புகையே இல்ல, இன்னா பயம்?"

புகை இல்லை என்பதுதான் பயம் என்றேன். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது. அப்படி இறந்தவர்களின் செய்தியை நான் எழுதியிருக்கிறேன். மூடிய அறையின் படத்தை எடுத்தவன் நீ. பட்டறைக்காரர் முன்னால் நீ சொன்ன பதில்: "ரிப்போர்ட்டருக்கு எங்கயாவது சாவு இருந்தாதான் சோறு இறங்கும்."

என் அடுப்பின் தகட்டை மட்டும் வீட்டுக்கு வந்து வெட்டிக்கொண்டேன். அடுத்த முறை மலையில் அதைப் பார்த்து, "மூக்கறுத்துட்டியேய்யா எம் புள்ளைய!" என்று சிரித்தாய். அன்று காளியும் உன்னோடு சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு, வெட்டாத தகட்டோடு, இப்போது அவன் கூடாரத்தில் பற்றவைக்கக் காத்திருக்கிறது.

நேற்று மலைக்குப் போனேன். நீ செத்துக் கிடந்த காலையில் உன்னை எழுப்பப் போய்ப் பார்த்தவன் காளிதான். அழுதான். ஏற்கெனவே நெஞ்சு வலிக்கு நீ மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்ததால், மாரடைப்பு என்று முடிவே கட்டிவிட்டிருந்தான். உன்னோடு மலைக்கு வந்திருந்த மூன்று பேரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவனிடம் இருக்கும் அடுப்பைக் கேட்டேன்.

"அது அண்ணன் ஞாபகம் சார். எப்படிக் குடுப்பேன்?"

"குடுக்க வேணாம். தகட்ட மட்டும் வெட்டிட்டுத் தர்றேன்."

"நாங்க காலங்காலமா வூட்டுக்குள்ள தணல் வெச்சினுதான் படுக்கறோம். எவனாச்சும் செத்தானா?"

"உன் வூடு கூரை வூடு. புல்லு வழியா காத்து வருது, போவுது. இது மழைத் துணி. தண்ணியே உள்ள வராது, காத்து எப்படி வரும்?"

அவன் யோசித்தான். யோசிக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

"சனிக்கிழம பெங்களூர்லருந்து ஒரு குடும்பம் வர்றாங்க சார். சின்னக் கொழந்தைங்க. அடுப்பு இருக்கற டெண்ட்தான் வேணும்னு கேட்டுருக்காங்க. போலீஸ்ல ரிசல்ட் வரட்டும், அடுப்புதான்னு சொன்னா நானே நசுக்கிப் போட்டுர்றேன்."

நீ பழக்கிவிட்ட நம்பிக்கை அது. கூரை வீட்டின் வழக்கத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் காற்றுப் புகாத துணிக்குள் வைத்தவன் நீ. காளிக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். உனக்குச் சொல்லப்பட்டது. பலமுறை, என் வாயால்.

இறங்கும் வழியில் ஒடுகத்தூரில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணே, மாரடைப்புன்னே இருக்கட்டுமே. அவரு செஞ்சதே அவர முடிச்சிட்ச்சின்னு நாலு பேர் சிரிக்கணுமா?"

முடிவு வரும்வரை எதையும் எழுத மாட்டேன், வந்த பிறகு வந்ததைத்தான் எழுதுவேன் என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது. என்னை அனுப்பிவிடத்தான் எழுந்தார். காளி சொன்னதையும், குழந்தைகள் வரப்போவதையும் அப்போதுதான் சொன்னேன். கதவருகே போனவர் திரும்பி வந்தார்.

"எழுதறத அப்புறம் பாத்துக்கலாம். அந்தத் தகட்ட மொதல்ல வெட்டிட்டு வாங்க. நான் சொன்னேன்னு காளிகிட்ட சொல்லுங்க. அவரு பொண்டாட்டி சொன்னாள்னு சொல்லுங்க."

உன்னிடம் இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைக்காத சம்மதம், உன் வீட்டு வாசலில் கிடைத்தது. அதை நினைத்தால் கோபம் குறையவில்லை, கூடுகிறது. இது இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

நீ என் கையிலிருந்து பிடுங்கிய அந்தத் தகரக் கத்திரி, பட்டறையில் கேட்டு வாங்கியது, இப்போது என் தோள்பையில் இருக்கிறது, பேனாவுக்குப் பக்கத்தில். காளியைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. அவன் நிலத்தில் சிக்னல் வந்து வந்து போகும். அதனால் நேரிலேயே போகிறேன். ஒப்புக்கொண்டால் தகட்டை வெட்டுவேன். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், வரும் குடும்பத்திடம் உன் கூடாரம் எப்படி மூடிக் கிடந்தது என்று சொல்லிவிட்டு அந்தக் கூடார வாசலிலேயே உட்கார்ந்துகொள்வேன். உன்னைத் திட்டிக்கொண்டே.

உன் இரத்தப் பரிசோதனை முடிவு ஆய்வகத்திலிருந்து வர வேண்டும். திங்கட்கிழமை எதிர்பார்க்கலாம் என்கிறார் உதவி ஆய்வாளர். அந்தக் குடும்பம் சனிக்கிழமை சாயங்காலம் வருகிறது.