கடலுக்குள் முகம் வைத்துப் பார்த்தேன்

12.6.1996, புதன், கப்பலில்

ராசாத்தி, இன்று அம்மா கடலுக்குள் முகத்தை வைத்துப் பார்த்தேன்.

காலையில் கப்பல் லங்காவித் தீவில் நின்றதும், உன் தம்பியும் அவன் பெண்டாட்டி மாலாவும் என்னை வேனில் ஊர் சுற்றிக் காட்டினார்கள். பிறகு படகில் ஒரு சின்னத் தீவு. எல்லோருக்கும் தண்ணீருக்குள் பார்க்கக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் கொடுத்தார்கள். நான் மாட்டேன் என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

கிள்ளான் கடலில் உன் அஸ்தியைக் கரைத்த அன்று, "திரும்பிப் பாக்காம வாங்கண்ணி" என்றார் உன் சித்தப்பா. நானும் பார்க்கவில்லை. அந்தத் தண்ணீர் சேறும் எண்ணெயுமாகக் கறுத்துக் கிடந்தது. விளக்கை அணைத்தால் நீ தூங்க மாட்டாய். உன்னை இருட்டில் விட்டுவிட்டு வந்தோமே என்று இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதன் பிறகு, உன் தம்பி இந்தக் கப்பலில் ஏற்றும் வரை, கடல் பக்கமே நான் போனதில்லை.

மாலா விடவில்லை. "அத்தை, மூஞ்சிய மட்டும் வைங்க லா. கைய நான் விடமாட்டேன்."

உன் தம்பிக்குச் சிரிப்பு. "சேலை மேல லைஃப் ஜாக்கெட்டா? மீனெல்லாம் எந்திரிச்சு நின்னு கும்புடப் போவுதும்மா!"

வைத்தேன். அம்மாடி! அடிமணல் வரைக்கும் வெயில் இறங்கியிருந்தது. மஞ்சள் வரி போட்ட மீன்கள் என் விரல்களுக்கு நடுவில் கூட்டமாகப் போயின. ஒரு நீல மீன் பாறையைக் கொறிக்கிற சத்தம்கூடக் கேட்டது. தலையைத் தூக்கவே மனசில்லை. மாலா பாவம், கை வலித்தும் விடாமல் பிடித்திருந்தாள். தங்கமான பெண்.

கப்பல் கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. நீ இருக்கிற இடத்திலும் வெயில் அடிவரைக்கும் வருகிறதா, ராசாத்தி?