குண்டு ராக்கெட்டின் இறக்கைகள்

பிப்ரவரி 4

என் செல்லம் சிட்டுவுக்கு,

அத்தை எழுதுறேன். நீ வேளைக்குச் சாப்பிடுறியா, குளிருக்குக் காதை மூடிக்கிறியான்னு கேட்டு ரெண்டு பக்கம் எழுதலாம். ஆனா இன்னிக்கு வேற விஷயம்.

உன் அப்பா வேலை போனதிலேருந்து சும்மா இருக்கமாட்டாம ராக்கெட் விட ஆரம்பிச்சிருக்கான். விளையாட்டு ராக்கெட்தான், அட்டையில செய்யிறது. எல்லாரும் ஒல்லியா செய்வாங்களாம். இவன் துணிக்கடையில தூக்கிப்போட்ட அகலக் குழாயை எடுத்துட்டு வந்து, பதினெட்டு அங்குல உயரத்துல குண்டா ஒண்ணு பண்ணியிருக்கான். பார்க்க அவனை மாதிரியே இருக்கு. "இது பறக்குமாடா தம்பி"ன்னு கேட்டேன். "உன்னை யாருக்கா கேட்டா"ன்னான்.

போன வாரம் மைதானத்துல விட்டான். தென்னை உயரம் போயி, தலைகீழாத் திரும்பி, எங்களைப் பார்த்தே வந்துச்சு. பக்கத்து டயர்க்கடைக்காரர் கையில சூடு வச்சுட்டுத்தான் விழுந்துச்சு. முழங்கை வரைக்கும் கொப்புளம். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா போலீசுக்குப் போவேன்"னு சொல்லிட்டார். உன் அப்பா மன்னிப்பு கேட்டானா? "இந்தத் தடவை பாருங்க"ன்னு தெரு பூரா சொல்லிட்டு வந்திருக்கான். பிள்ளைங்க எல்லாம் முன்வரிசையில நிக்கப் போகுது. எனக்குச் சோறு இறங்கல.

போன்ல சொல்லலாம்னா வீடே ரெண்டு ரூம். நான் மூச்சு விட்டாலும் அவன் காதுல விழுது. அதான் கடிதம். நீ இந்த மாதிரி வேலைதானே அந்த வெளிநாட்டுல பார்க்கிறே? ஏதாவது வழி சொல்லு. தினம் சாமிகிட்டயும் கேட்டுட்டுத்தான் இருக்கேன். அவர் பதில் போட மாட்டேங்குறார்.

உன்னையே நினைச்சிட்டிருக்கிற
அத்தை

*

பிப்ரவரி 15

அன்புள்ள அத்தைக்கு,

நீங்க நல்லா இருக்கணும். உங்களுக்காகத்தான் எழுதுறேன், அவருக்காக இல்லை. பட்டறையில நாலு பேர் முன்னாடி அவர் வரைபடம் தப்புன்னு நான் சொன்னதுக்கு "என் மூஞ்சியில முழிக்காதே"ன்னார். நான் சொன்னதுதான் சரின்னு அப்புறம் தெரிஞ்சும் கூப்பிடலை. நானும் கூப்பிடப் போறதில்லை.

ராக்கெட் விஷயத்துக்கு வர்றேன். கயித்துல கட்டித் தொங்கவிட்டா எந்தப் பக்கமும் சாயாம நிக்கிற இடம் ஒண்ணு இருக்கும். அது எடையோட நடு. பறக்கும்போது காத்து மொத்தமாத் தள்ளுற இடம் இன்னொண்ணு. காத்து தள்ளுற இடம், எடை நடுவுக்கு நல்லாக் கீழே இருக்கணும். இல்லேன்னா ராக்கெட் மூக்கைத் திருப்பிக்கும். ஒல்லியா நீளமா இருந்தா ரெண்டுக்கும் நடுவுல வேணுங்கிற அளவு இடம் கிடைக்கும். குட்டையா அகலமா இருந்தா இடமே கிடையாது. அதனால இறக்கையைப் பெருசாக்கி, பின்பக்கம் வெளியே நீட்டிக்கிற மாதிரி வைக்கணும். எவ்வளவு பெருசுன்னு கணக்குப் போட எனக்கு ஒரு அளவு வேணும். மோட்டாரை உள்ளே வச்சுத் தொங்கவிட்டு, சாயாம நிக்கிற இடம் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அளந்து எழுதுங்க.

அவருக்கு என் பேர் தெரியக்கூடாது.

சிட்டு

*

பிப்ரவரி 26

தங்கமே,

அளந்துட்டேன். உன் அப்பா மருந்துக்கடைக்குப் போன நேரம். அந்த மோட்டாருக்குள்ள வெடிமருந்து இருக்காமே! சாமி படத்துக்கு முன்னாடி வச்சுக் கும்பிட்டுட்டு உள்ளே சொருகினேன். கொடிக்கயித்துல கட்டினேன். ஒருவாட்டி மூக்கு தொங்குச்சு, ஒருவாட்டி வால் தொங்குச்சு, குண்டு மாமியார் ஊஞ்சல்ல உக்காந்த கதைதான். கடைசியில நேரா நின்னுச்சு. ஏழு அங்குலம். ரெண்டு தடவை அளந்தேன், ஏழுதான்.

மத்தபடி அவன் இளைச்சுட்டான். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறான். தபால்காரர் மணி அடிச்சா மட்டும் எனக்கு முன்னாடி எழுந்துக்குறான். அதனால உன் கடிதத்தையெல்லாம் தெருக்கோடி வீட்டு விலாசத்துக்கே போடு.

அத்தை

*

மார்ச் 9

அத்தைக்கு,

ஏழு அங்குலம்னா நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. இறக்கை வடிவத்தை முழு அளவுல வரைஞ்சு இந்தக் கடிதத்தோட வச்சிருக்கேன். மூணு வேண்டாம், நாலு வெட்டணும். அடிப்பக்கம் நாலு அங்குலம் பின்னால நீட்டிக்கிட்டு இருக்கணும். பிள்ளைங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. இது எப்படிக் கிடைச்சுதுன்னு அவர் கேட்டா நீங்களே ஏதாவது சொல்லிக்குங்க. பொய் சொல்ல வராதுன்னு மட்டும் சொல்லாதீங்க.

சிட்டு

*

மார்ச் 20

சிட்டுக்குட்டிக்கு,

கொடுத்துட்டேன். சாமி கனவுல வந்து காட்டினதைப் பார்த்து வரைஞ்சேன்னு சொன்னேன். தாளைப் பார்த்துட்டு, "சாமிக்கு மில்லிமீட்டர் எல்லாம் தெரியுமாக்கா"ன்னான். "தெரியாம உலகத்தைப் படைச்சாரா"ன்னேன். நீ ஏழுக்கு நடுவுல கோடு போடுவியே, அந்த ஏழு மேல விரலை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் ரம்பத்தை எடுத்து வெட்ட ஆரம்பிச்சுட்டான். ஒரு நூல் பிசகாம வெட்டியிருக்கான். தன் சொந்த வரைபடத்துக்குக்கூட இவ்வளவு பயபக்தி காட்டினதில்ல.

ஏப்ரல் முதல் ஞாயிறு விடப் போறான். தெருவே வருது. டயர்க்கடைக்காரர் கையில தழும்போட "நானும் வர்றேன், இந்தவாட்டி குடை எடுத்துட்டு வர்றேன்"னார். உன் அப்பா சிரிக்கல. "முன்னாடியே நில்லுங்க, இது தப்பா போகாது"ன்னான். அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

எனக்கும் கொஞ்சம் பெருமைதான். பாவாடைக்கு விளிம்பு மடிக்கிறப்போ தரையிலேருந்து டேப்பை நிமித்தி வச்சு அளப்பேனே, அதே மாதிரி வாலைத் தரையில நிக்க வச்சு, கயிறு கட்டின இடம் வரைக்கும் அளந்தேன். என் அளவை வச்சு நீ கணக்குப் போட்டே, உன் கணக்கை வச்சு அவன் வெட்டினான். சாமி இதுக்குத்தான் பதில் போடாம இருந்தாரோ என்னமோ.

அத்தை

*

ஏப்ரல் 8

கண்ணு சிட்டுவுக்கு,

நீ போன்ல பேசினப்போ நான் அவன் பக்கத்துலதான் நின்னேன். உனக்குக் கேக்காததை எல்லாம் எழுதுறேன்.

கம்பியில ராக்கெட்டை மாட்டியாச்சு. பத்தவைக்கிற ஒயரையும் கொடுத்தாச்சு. பிள்ளைங்க எல்லாம் அவன் சொன்னதை நம்பி முன்னாடி வரிசை கட்டி நிக்குது. அப்போதான் அவன் சட்டைப்பையில போன் அடிச்சுது. எடுத்துப் பார்த்தான். அடிச்சு ஓயட்டும்னு கையிலயே வச்சிருந்தான். ஓய்ஞ்சுது. மறுபடி அடிச்சுது. "யாருடா தம்பி"ன்னேன். எடுத்துட்டான்.

நீ என்ன சொன்னேன்னு எனக்குக் கேக்கல. அவன் "ம்"ன்னான், "ம்"ன்னான். அப்புறம், "மூக்கிலேருந்து ஏழுன்னு நினைச்சியா"ன்னான். என்னைத் திரும்பிப் பார்த்தான். சிட்டு, அந்தப் பார்வைக்கு நான் எங்க போய் ஒளியறதுன்னு தெரியல. வாலிலேருந்து ஏழுன்னா மூக்கிலேருந்து பதினொண்ணு. அவ்வளவு கீழே எடை இருந்தா உன் இறக்கை பத்தவே பத்தாது, மறுபடி திரும்பி வரும்னு அவன்தான் அப்புறம் எனக்குச் சொன்னான். நீ வெளியூர் போயிட்டு அன்னிக்குத்தான் வந்து கடிதத்தைப் பிரிச்சியாம். தரையிலேருந்துன்னு படிச்சதும் போனை எடுத்தியாம். ஒரு வார்த்தை எந்தப் பக்கத்துலேருந்துன்னு நீயும் எழுதல, நானும் கேக்கல.

போனை வச்சுட்டு ஒயரைப் பிடுங்கிட்டான்.

"என்னங்க, காத்து போயிடுச்சா? எங்க கடைக்கு எடுத்துட்டு வாங்க"ன்னார் டயர்க்கடைக்காரர். எல்லாரும் சிரிச்சாங்க. பிள்ளைங்க ஊளையிட்டுச்சு. உன் அப்பா ரோஷக்காரன், உனக்கே தெரியும். பேச்சுக்கு ஒண்ணு சொல்லிட்டா உயிர் போனாலும் மாத்த மாட்டான். நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறேன், எங்க வீம்புக்கு விட்டுடுவானோன்னு.

அவன் கம்பியிலேருந்து ராக்கெட்டைக் கழட்டினான். "இன்னிக்கு இல்லீங்க. இதுல தப்பு இருக்கு. என் பொண்ணு சொல்றா"ன்னான்.

நல்லா சத்தமாவே சொன்னான். கடைசி வரிசையில நின்னவருக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வர்ற வழியில என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும். நான்தான் வாய் சும்மா இருக்காம, "சிட்டு வேற என்ன சொன்னா"ன்னு கேட்டேன். "வேற ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல"ன்னான். நீ சாப்பிட்டியான்னுகூட கேக்கலையாம். அதை மட்டும் ரெண்டு மூணு தடவை சொன்னான்.

இந்தக் கடிதத்துக்கு நீ எனக்குப் பதில் போட வேண்டாம். மூக்குல கொஞ்சம் எடை சேர்க்கலாமா, இறக்கையையே இன்னும் பெருசா வெட்டலாமான்னு அவன் உன்னைக் கேக்கணுமாம். காலையிலேருந்து எல்லாத்தையும் அவனே புதுசா அளந்து எழுதி வச்சுக்கிட்டு, போனும் கையுமா உக்காந்திருக்கான். இப்போ கூப்பிட்டா அவ தூங்கிட்டிருப்பாளான்னு என்னைக் கேக்குறான். எனக்கு உங்க ஊர் நேரம் எங்க தெரியும்?

நீயே கூப்பிட்டு அவன்கிட்ட சொல்லிடு.

உன் அத்தை