உடையல மிஸ்

செவ்வாய்க்கிழமை ராத்திரி, விருத்தாசலம்

கோண உந்தம் மாறாதுங்கிறதைச் சுழல் நாற்காலியில காட்டினா லெவன்த் பிள்ளைங்களுக்குப் புரியும்னு நினைச்சேன். மலர்விழியை உட்கார வெச்சேன். கனத்துக்கு, அவ அப்பா வேலை செய்யிற செராமிக் யூனிட்லேர்ந்து இரவல் வாங்கின, கரண்ட் கம்பத்துல மாட்டுற பீங்கான் இன்சுலேட்டரைக் கைக்கு ஒண்ணாக் கொடுத்தேன். கையை விரிச்சுக்கிட்டுச் சுத்தினா. "இப்ப உள்ள இழு"ன்னேன். சர்ருனு வேகம் கூடுச்சு. கிளாஸே கைதட்டுச்சு.

அவ பயந்துட்டா. "கையை நீட்டு, மெதுவாயிடும்"னு கத்தினேன். நீட்டினா நழுவி உடைஞ்சுடும்னு இன்னும் இறுக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. வேகம் குறையவே இல்ல. நாற்காலி சாய்ஞ்சு பெஞ்சுல நெத்தி இடிச்சுது. கீழ கிடந்துக்கிட்டே, "உடையல மிஸ்"னா.

போன் பண்ணினதும் அவ அப்பா வந்தாரு. முதல்ல ரெண்டு இன்சுலேட்டரையும் விரலால சுண்டி, சத்தத்தைக் கேட்டாரு. "விரிசல் இல்லைங்க மிஸ், கவலைப்படாதீங்க"ன்னாரு. அப்புறம்தான் மக நெத்தியைப் பார்த்தாரு.

என்ன மனுஷன்னு கோவம் வந்துச்சு. வூட்டுக்கு வந்தும் ஆறல.

ஆனா, அவ விழுந்தப்ப என் வாயில வந்ததும் "ஐயோ, இன்சுலேட்டரு!"தான்.