நான் சொல்ல வைத்த சாட்சி

என் பிரியமுள்ள அன்னம்மாள் அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. பாளையங்கோட்டையில் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நான் சுகமாயில்லை அக்கா.

வாசலைத் தாண்டவிடாமல் உன்னைப் பிடித்திருந்த அந்தப் பயம் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. போன மாதம் பிரசங்கத்தின் நடுவே நெஞ்சு அடித்துக்கொண்டு, கை மரத்து, வேதபுத்தகத்தின் எழுத்தே தெரியாமல் போய்விட்டது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். "எனக்கு இப்படித்தாம்ல இருக்கு, நீ நம்ப மாட்டேங்கியே" என்று அடுப்பங்கரையில் நீ அழுதது அப்போதுதான் புரிந்தது. ஊருக்கெல்லாம் உபதேசியாரான எனக்குப் புத்தி வந்த நேரத்தைப் பார்த்தாயா?

விசுவாசம் குறைவு என்று சொல்லி உன்னை உபவாசம் இருக்க வைத்தவன் நான். மருந்துச்சாலைத் தாதி ஞானம்மாள்தான் வேறு வழி காட்டினாள். தினமும் பிற்பகலில் வந்து உன் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போவாள். முதலில் வாசற்படி, பிறகு கிணற்றடி, பிறகு தெருமுனை. "பயம் வந்தா வரட்டும் தாயீ. திரும்பி ஓடாத. பைய நில்லு, அதுவே இறங்கும்" என்பாள். மூன்று மாதத்தில் நம் சபைக் கோயில் வாசல்வரை நடந்து வந்துவிட்டாய். உள்ளே போக இன்னும் நாள் வேண்டும் என்றாள்.

நான் பொறுத்தேனா? என் சபையில் ஒருத்தி குணமானாள் என்று காட்ட எனக்கு ஆசை. அறுப்பின் பண்டிகையன்று கோயில் நிறைந்திருக்க, சாட்சி சொல் என்று உன்னை முன்னால் நிறுத்தினேன். "இன்னும் சரியாகலியே தம்பி, என்னத்தச் சொல்ல?" என்று காதோடு கேட்டாய். "சுகமாச்சுன்னு சொல்லு, போதும்" என்றேன். சொன்னாய். சொல்லி முடிக்குமுன் வியர்த்து விழுந்தாய். யாரோ பேய் என்றார்கள். நான் மறுக்கவில்லை.

அதன்பிறகு நீ வாசற்படி தாண்டவில்லை. ஞானம்மாளுக்கும் கதவைத் திறக்கவில்லை. உனக்கு வாந்திபேதி கண்டபோது மருந்துச்சாலைக்குப் போக வண்டி கொண்டுவந்து நிறுத்தினேன். கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு, "தெருவுல எல்லாரும் பாப்பாவலே, வேண்டாம்ல" என்றாய். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன் அடக்க ஆராதனையில் நான் என்ன பேசினேன் தெரியுமா? சுகம்பெற்ற சகோதரி சமாதானமாய்ப் போனாள் என்று பேசினேன். சபை ஆமென் சொன்னது.

இப்போது ஞானம்மாள் என்னையும் நடத்திக் கூட்டிப்போகிறாள். நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க நிக்கப் பயப்படுதியளோ, அங்கனதான் ஒருநாள் போய் நிக்கணும் ஐயா" என்றாள். எப்போது என்று கேட்டேன். "நான் அவசரப்படுத்த மாட்டேன். ஒருத்திய அவசரப்படுத்துனது போதும்."

அதனால் நாள் குறிக்காமல் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. உன்னை நிறுத்திய அதே இடத்தில் நான் நிற்பேன். வேலை போனாலும் போகட்டும், பயம் வந்தாலும் வரட்டும். என் அக்கா சுகமாகியிருக்கவில்லை, சுகமாகிக்கொண்டிருந்தாள், நான்தான் கெடுத்தேன் என்று சபைக்குச் சொல்வேன்.

உன்னைப் பொய் சொல்ல வைத்த தம்பி,
சாமுவேல்