சூப்புக்குள் நீலக் கரண்டி

அன்புள்ள சயந்தினிக்கு,

நீரும் மாமியும் சுகம்தானே? மாமியின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு நோய் ஒன்றும் இல்லை, எரிச்சல் மட்டும்தான்.

இரசாயனம் படிப்பித்த எனக்கு உம்முடைய அண்ணை பிடித்துத் தந்தது யூத முதியோர் இல்லத்துச் சமையலறை வேலை. இங்கே அவர்களுடைய சமய விதிப்படி பால் பாத்திரமும் இறைச்சிப் பாத்திரமும் கலக்கவே கூடாது. போன வெள்ளிக்கிழமை, பாலுக்கென்று வைத்த நீலக் கரண்டியால் கோழிச் சூப்பைக் கலக்கிவிட்டேன். சூப் முழுவதையும் கொட்டினார்கள். மேலாளர் விசாரிக்க வந்தார்.

இங்கு வசிக்கும் கிழவர்கள் சிலர் கரட் சீவித் தருகிற தொண்டர்கள். அவர்களில் லாசரஸ் என்பவர், வாழ்நாள் முழுக்க அந்த விதியில் பிசகாதவர், "நான்தான் கலக்கினன், கண் தெரியேல்லை" என்றார். உடனே அவரைத் தொண்டிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அன்று பின்னேரம் முழுவதும் அவர் சும்மா கதிரையில் இருந்தார்.

என் வேலையைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா? யாருக்கும் நன்றிக்கடன் இல்லாமல் வாழ்ந்தேன், அதையும் கெடுத்தார். திங்கட்கிழமை மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார், நீர் பயப்பட வேண்டாம். கிழவரும் கரட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஆனால் அவருக்குக் கோபம். "உனக்காக வடிவா ஒரு பொய் சொன்னன், வாத்தியார். அதையும் பழுதாக்கிப் போட்டாய்" என்றார். அதன்பின் பேச்சில்லை. இந்தக் கட்டடத்தில் என்னோடு பேசியவர் அவர் ஒருவர்தான்.

பனையோலைத் தொப்பி ஒன்று அனுப்பும், சிறிய தலைக்கு. தோட்டத்து வெயிலில் இருந்து இருந்து கிழவருடைய வழுக்கை சிவந்துவிட்டது.

ஷிப்ட் தொடங்குகிறது.

உமது,
கிருஷ்ணராசா