பாறைமேல் ஒரே ஆள்

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி

செல்வலட்சுமிக்கு,

இத்தனை வாரம் பேசாமல் இருந்தது போதும். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தைக்கு இருமல் நின்றதா? நான் சுகம்.

வடக்கே ஆளரவமற்ற பாறைக்கரையில் பத்து நாள் கடற்பறவைக் கணக்கெடுப்பை முடித்து நேற்றுதான் அறைக்குத் திரும்பினேன். அங்கே ஒரு வேடிக்கை. நாம் ஆலா என்கிற பறவையை மலையாளத்தில் 'ஆள' என்பார்கள். நான் பாறைமேல் இருந்தேன். என் ஜூனியர் பிரதீஷ் படகிலிருந்து கத்தினான்: "சேட்டா, அவிடெ எத்ர ஆளயுண்டு?"

எத்தனை பேர் இருக்கிறோம் என்று கேட்பதாக நினைத்து, "ஒரே ஆள், நான்தான்!" என்று கத்தினேன். எதிரே முந்நூறு ஆலாக்கள். அவன் 'ஒன்று' என்று எழுதிக்கொண்டான்.

பிறகு அவனே படமெடுத்து எண்ணித் திருத்தினான். அதனால் அறிக்கையில் கணக்கெடுத்தவர் என்று அவன் பெயர். பதினெட்டு வருடம் பறவை எண்ணிய என் பெயர் நன்றிப் பட்டியலில்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நீ அவனுக்குப் போன் செய்து இந்தக் கதையைக் கேட்டாயாமே! "சேச்சி எந்தொரு சிரியாயிருந்நு!" என்று, அக்கா என்னமாய்ச் சிரித்தார் என்று, இன்று சாயாக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னான். என்னோடு அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று?

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. என் பழைய கண்ணாடியும் வேண்டும். பார்சலுக்குள் உன் கையால் இரண்டு வரி எழுதி வை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. கையெழுத்திடாமலே பெட்டியில் போடுகிறேன். எழுதியது யாரென்று தெரியாவிட்டால் பிரதீஷுக்குப் போன் செய்து கேட்டுக்கொள்.