சாமி கழற்றிய மாலை

கூடுவாஞ்சேரி,
20.11.1988

அன்புள்ள காந்திமதிக்கு,

நலம். நீயும் மஞ்சுவும் நலமா? இந்த மறுவாழ்வு இல்லத்தில் சோறு அரைவேக்காடு, அறிவுரைக்கு மட்டும் குறைவில்லை. சவுரிமுத்து என்று ஒருவர், தானும் போதைப் பவுடர் இழுத்து மீண்டவராம். இனி சாகும்வரை பவுடரும் கிடையாது, ஒரு வாய் பீரும் கிடையாது என்கிறார். மனுஷன் பேசுகிற பேச்சா அது?

எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குள் கிடையாது. மஞ்சு எதிரில் கிடையாது. வெள்ளி, சனி கிடையாது. கார்த்திகையும் பிறந்துவிட்டது. சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டால் போய்வரும் வரை அந்த நினைப்பே வராது. நீ வந்து கையெழுத்துப் போட்டால் என்னை விட்டுவிடுவார்கள்.

உறைமேல் என் பெயரை எழுத மஞ்சுவைப் பிடிக்காதே. அவள் கிறுக்கலைப் படிக்கத் தபால்காரர் திண்டாடுகிறார். புருஷன் பெயரை எழுதினால் உன் கை வெந்துவிடாது.

அன்புடன்,
பொன்னுரங்கம்

*

பீர்க்கன்கரணை,
23.11.1988

மஞ்சு அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் சட்டங்களைப் படித்தேன். வீட்டுக்குள் கிடையாது என்று போன வருஷமும்தான் சொன்னீர்கள். கொல்லைப்புறத்துக் குளியலறை வீட்டில் சேர்த்தியில்லை என்று அங்கே போய் உட்கார்ந்தீர்கள். பல் தேய்க்கப் போன மஞ்சு, கருகின வெள்ளித்தாளோடு வந்து, "அப்பா மட்டும் சாக்லேட் தின்னாராம்மா?" என்று கேட்டாள். அவள் விரலைத் தோல் சிவக்கும்வரை தேய்த்துக் கழுவினேன்.

சவுரிமுத்து சொல்வதுதான் சரி. ஆனாலும் மாலை என்று எழுதிவிட்டீர்கள். சாமி காரியத்தைத் தடுத்த பாவம் எனக்கு வேண்டாம். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை வருகிறேன்.

உறையை எழுதியது மஞ்சுதான். பழக்கம் விடவில்லை.

இப்படிக்கு,
காந்திமதி

*

பல்லாவரம்,
10.12.1988

அன்புள்ள காந்திமதிக்கு,

அண்ணன் வீட்டில் இருக்கிறேன். தெருவே வேடிக்கை பார்க்க என் பையைத் தூக்கி வெளியே எறிந்தாயே, நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? மாலையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொட்டேன். மாலையோடு தொட்டதாக ஒரு ஆள் சொல்லட்டும். அன்று வியாழக்கிழமை. மஞ்சுவும் பள்ளிக்கூடத்தில். என் சட்டத்தில் எதையும் நான் மீறவில்லை. பிறகு கைகால் கழுவி, சரணம் சொல்லி, மாலையைத் திரும்பப் போட்டுக்கொள்ளத்தான் இருந்தேன். அதற்குள் நீ பிடுங்கிக்கொண்டாய்.

மாலை போட்டுவிட்ட குருசாமியிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன். மஞ்சுவுக்கு முத்தம்.

அன்புடன்,
பொன்னுரங்கம்

*

பீர்க்கன்கரணை,
14.12.1988

பொன்னுரங்கத்துக்கு,

பக்கத்து வீட்டு முனியம்மா தினமும் குளித்துவிட்டு வந்து, சாமி சாமி என்று உங்கள் காலில் விழுந்தாளே, அன்றைக்குப் பார்த்தது அவள்தான். "இன்னாம்மா, சாமி மாலைய கயட்டி ஆணில மாட்டிட்டு உள்ள குந்திகினு கீது? பொகை வருது. கற்பூரம் ஏத்திகீதா?" என்று கேட்டாள். அவள் கள்ளம் இல்லாமல்தான் கேட்டாள்.

கொல்லைக் குளியலறைக்கு ஓடி வந்து பார்த்தேன். உங்கள் அழுக்கு உள்பனியன் தொங்கிய அதே ஆணியில் மாலையும் தொங்கியது. நீங்கள் கண் செருகி, வாயோரம் எச்சில் வழிய, என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் சோறு இறங்கவிடவில்லை. மாலைக்கு மரியாதை, கிழமைக்கு மரியாதை, எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு. சவுரிமுத்து சொன்னது ஒரே பேச்சு, தொடாதே என்று. தொடுவதற்கு வழி வேண்டித்தான் உங்களுக்கு இத்தனை சட்டம்.

காய்ச்சல் என்று நான் சொல்லவில்லை. மாலையைக் கொண்டுபோய்க் குருசாமி கையில் கொடுத்தேன். வீட்டில் சாவு விழுந்தால்தான் மாலையை நடுவில் கழற்றுவார்கள். அவர் பதறிப்போய், "யாரும்மா தவறினது?" என்று கேட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக உங்கள் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். இந்த உறைமேல் இருப்பதும் என் கையெழுத்துதான்.

காந்திமதி